திட்டம் தாளில், சேறு ஆற்றில்!

அமெரிக்க நாட்டில் ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ நிலத்தைக் கிளறிக் கட்டடம் எழுப்ப முனையும் எவரும், முதல் மண்வெட்டு விழுவதற்கு முன்பே ஒரு திட்டம் எழுதி வைத்தாக வேண்டும். அது கட்டடத் திட்டமல்ல, மழைத் திட்டம். மழை பெய்தால் மனையிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், ஓடும்போது எதையெல்லாம் இழுத்துச் செல்லும், அதை எங்கே, எதைக் கொண்டு தடுப்பது, தடுப்பு சரிந்தால் யார் நிமிர்த்துவது? இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். அதை எழுதவும், எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்கவும் ஆட்களைப் பழக்குவதற்கென்றே அங்கே பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. தேர்வுகளும் சான்றிதழ்களும் இருக்கின்றன.

கட்டட வேலைக்குப் பயிற்சி என்றால் கொத்து வேலையும் கம்பி கட்டுதலும் நினைவுக்கு வரும். மழைக்குக் கூடவா பயிற்சி என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டுகிறோம்.

முதற் செய்தி: 2025 மார்ச் 4ஆம் நாள் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, சான்பிரான்சிஸ்கோ நகரம் தொடுத்த வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. "உன்னால் ஆற்று நீரின் தரமோ கடல் நீரின் தரமோ கெடக்கூடாது" என்று முடிவை மட்டும் சொல்லி உரிமம் வழங்கும் அதிகாரம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு இல்லை. கெடாமலிருக்க இன்னின்னது செய் என்று வழியைச் சொல்வதே முகமையின் வேலை என்றது கோர்ட்டு.

இரண்டாம் செய்தி: அதே ஆண்டு ஜூலையில் அந்த முகமை தன் ஆள்பலத்தைக் குறைப்பதாக அறிவித்தது. 2025 ஜனவரியில் 16,155 பேர் இருந்த இடத்தில் இனி 12,448 பேர் என்றது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முடிவைக் காட்டிப் பிடிக்கும் பிடி தளர்ந்தது. பிடிக்கும் ஆட்களும் குறைகிறார்கள். மிஞ்சியிருப்பது எது? மனையில் இருக்கும் திட்டமும், அதை அறிந்த ஆளும்தான். ஆகவே அந்த ஆள் யார், அவனுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது, கற்றதைச் செய்ய அவனுக்கு உரிமை உண்டா என்பது சில்லறைக் கேள்வியல்ல. ஆறுகளின் கதி அதில் அடங்கியிருக்கிறது.

மண்ணும் மாசுதான்

ஆலைக் கழிவு மாசு என்றால் எவரும் ஒப்புக்கொள்வர். சாக்கடை மாசு என்றாலும் ஒப்புக்கொள்வர். மண்ணை மாசு என்றால், "மண்தானே, மழையில் கரைகிறது, போகட்டும்" என்பார்கள். அது அவ்வளவு எளிதல்ல.

புல்லும் மரமும் போர்த்திய நிலத்தில் மழை விழுந்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். புல்டோசர் அந்தப் போர்வையை உரித்தெறிந்த பிறகு மழைத்துளி ஒவ்வொன்றும் மண்ணைப் பெயர்க்கிறது, பெயர்ந்தது ஓடுகிறது. விளைநிலத்திலிருந்து அடித்துச் செல்லப்படும் மண்ணைப்போல் 10 முதல் 20 மடங்கு கட்டட மனைகளிலிருந்து போகிறது. காட்டு நிலத்தோடு ஒப்பிட்டாலோ 1,000 முதல் 2,000 மடங்கு. இது அமெரிக்க முகமையே வெளியிட்ட கணக்கு. பல்லாண்டுகளில் இயற்கையாகச் சேரக்கூடிய வண்டலை, ஒரு கட்டட வேலை சில மாதங்களில் ஓடையில் கொண்டு கொட்டிவிடும்.

வண்டல் ஓடையில் இறங்கினால் மீன் முட்டைகள் மூடிப் புதைகின்றன. நீர் கலங்கி, வெயில் அடிவரை எட்டாமல் நீர்த்தாவரம் மடிகிறது. நீர்த்தேக்கம் மேடுதட்டி, கொள்ளும் தண்ணீர் குறைகிறது. வடிகால் அடைத்துக்கொண்டு தெரு மிதக்கிறது. இது மண்ணால் மட்டும் வரும் கேடு. அதோடு டீசல், பெயிண்ட், பசை, கான்கிரீட் வண்டி கழுவிய தண்ணீர் எல்லாம் கூடவே போகின்றன. சிமெண்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கலவை போடும் தோழர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களுடைய கை கால்களே சொல்லும். மனிதத் தோலை அரிக்கும் காரம் மீனை விட்டுவைக்குமா?

இதில் பொருளாதாரக் கணக்கு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. நூறு டாலர் செலவிட்டுத் துணிவேலி கட்டாத கண்டிராக்டர் அந்த நூறு டாலரை மிச்சப்படுத்தியவரல்லர். அதைப் பிறர் தலையில் கட்டியவர். கால்வாயைத் தூர்வாரும் செலவு நகரசபையுடையது. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் செலவு குடிநீர் நிலையத்துடையது. இரண்டும் கடைசியில் வரி கட்டுகிறவன் பையிலிருந்து போவது. இலாபம் தனியாருக்கு, சேறு ஊராருக்கு! இந்தப் பங்கீட்டை மாற்றுவதற்கு வந்ததே அந்தச் சட்டம்.

இரு வீட்டோக்களைத் தாண்டிய சட்டம்

1969 ஜூன் 22ஆம் நாள் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லந்து நகரில் குயஹோகா ஆறு தீப்பற்றியது. தண்ணீர் எரியவில்லை, தண்ணீர்மேல் மிதந்த எண்ணெயும் குப்பையும் எரிந்தன. அந்த ஆறு தீப்பற்றியது அதுவே முதல் முறையுமல்ல. ஆனால் அந்தத் தீ நாட்டின் கண்ணில் பட்டது. 1972ல் தூய நீர்ச் சட்டம் வந்தது. ஜனாதிபதி நிக்ஸன், செலவு அதிகம் என்று சொல்லி வீட்டோ போட்டார். அக்டோபர் 18ஆம் நாள் காங்கிரசின் இரு சபைகளும் அந்த வீட்டோவைத் தள்ளிச் சட்டத்தை நிறைவேற்றின.

சட்டம் ஆலைக் குழாய்களைப் பிடித்தது. மழைநீரை? அதற்குத் தனித்தனி உரிமம் கொடுத்து மாளாது என்று முகமை சிலவற்றுக்கு விலக்களித்துப் பார்த்தது. அப்படி விலக்களிக்க உனக்கு அதிகாரமில்லை என்று 1977ல் வாஷிங்டன் மேல்முறையீட்டுக் கோர்ட்டு கூறிவிட்டது. அப்படியும் பத்தாண்டுகள் ஓடின. 1987ல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, மழைநீருக்கும் உரிமம் வேண்டும் என்று தெளிவாக எழுதியது. இம்முறை வீட்டோ போட்டவர் ரீகன். பிப்ரவரி 4ஆம் நாள் அதுவும் தள்ளப்பட்டது.

பிறகு 1990ல் 5 ஏக்கரும் அதற்கு மேலுமான கட்டட வேலைகளுக்கு விதி வந்தது. 1999ல் அது 1 ஏக்கர் வரை இறங்கியது. 2003ல் நடைமுறைக்கு வந்தது. ஒரு ஏக்கருக்குக் குறைந்த மனையும், பெரிய குடியிருப்புத் திட்டம் ஒன்றின் பகுதியாக இருந்தால் தப்ப முடியாது. துண்டு துண்டாக வெட்டி விதியை ஏமாற்றும் வித்தையை முன்கூட்டியே அடைத்தார்கள்.

இரண்டு ஜனாதிபதிகள் மறித்தும் நின்ற சட்டம் இது என்பதைத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும். அது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல.

திட்டத்தில் என்ன இருக்கிறது?

முகமையின் 2022ஆம் ஆண்டு உரிமம் நம்முன் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் தத்தம் உரிமத்தைத் தாமே வழங்குகின்றன. நியூ மெக்ஸிகோ, மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ஷயர், தலைநகர் வாஷிங்டன் போன்ற சில இடங்களில் முகமையே நேரடியாக வழங்குகிறது. வாசகங்களில் வேறுபாடு உண்டு, சாரம் ஒன்றுதான்.

திட்டத்தில் மனையின் படம் வேண்டும்: சரிவு எங்கே, ஓடை எங்கே, மண் குவியல் எங்கே, கழிவறை எங்கே, கான்கிரீட் கழுவும் குழி எங்கே என்று. வேலை எந்த வரிசையில் நடக்கும் என்று வேண்டும். மழைநீர்க் குழுவில் இருப்போரின் பெயரும் பொறுப்பும் வேண்டும். பிறகு தடுப்புகள்: சரிவின் அடியில் துணிவேலி, வண்டல் படியக் குட்டை, வடிகால் வாயில் காப்பு, லாரி வெளியேறும் வழியில் சக்கரச் சேறு உதிரச் சரளைக்கல் பரப்பு. வேலை நின்றுபோன நிலத்தை வெறுமனே கிடக்க விடக்கூடாது. வைக்கோலோ புல்விதையோ போர்த்த வேண்டும். அதற்கும் கெடு உண்டு. ஒரே சமயத்தில் 5 ஏக்கர் வரை கிளறியவர்களுக்கு 14 நாள். அதற்கு மேல் கிளறினால் 7 நாள்.

மேற்பார்வைக்கும் கணக்கு இருக்கிறது. ஏழு நாட்களுக்கு ஒருமுறை மனையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அல்லது பதினான்கு நாட்களுக்கு ஒருமுறையும், கால் அங்குல மழை பெய்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். துணிவேலியில் படிந்த மண் அதன் உயரத்தில் பாதியை எட்டுமுன் வாரிவிட வேண்டும். லாரிச் சக்கரம் தெருவில் இழுத்துவந்த சேற்றை அன்று வேலை முடிவதற்குள் அகற்ற வேண்டும்.

இந்த விதிகளை ஒருமுறை மீண்டும் படியுங்கள். வாருவது, கட்டுவது, பரப்புவது, போர்த்துவது, அகற்றுவது! எழுதுகோல் செய்யும் வேலை இதில் எத்தனை? மண்வெட்டி செய்யும் வேலை எத்தனை? விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

யாருக்குப் பயிற்சி?

பயிற்சி விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வழி வேறு. கலிபோர்னியா கடுமையானது. அங்கே திட்டம் எழுதுபவர் ஒருவர், அதை மனையில் நடத்துபவர் இன்னொருவர் என்று இரு பதவிகள். எழுதுபவருக்கு முதலில் என்ஜினீயர், நிலவியலார் போன்ற ஏதேனும் ஒரு தொழில் தகுதி வேண்டும். அதன்மேல் பயிற்சியும் தேர்வும் வேண்டும். 2023 செப்டம்பர் 1 முதல் செயலுக்கு வந்த புதிய உரிமம், எழுதியவரும் மனைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய திட்டம் சரிவில் நிற்காது என்பதை அனுபவம் கற்பித்திருக்கிறது போலும்!

நியூயார்க் வேறு வழியில் போனது. கண்டிராக்டரின் ஆட்களில் ஒருவராவது மண்ணரிப்புத் தடுப்பில் 4 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கொருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மண்ணைக் கிளறும் நாளெல்லாம் அவர் மனையில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் போதுமா என்று கேட்கலாம், நாமும் கேட்கிறோம். ஆனாலும் பயிற்சி பெற்றவன் மனையிலே நிற்க வேண்டும் என்ற கருத்து பாராட்டத்தக்கது.

முகமையின் 2022 உரிமம், மேற்பார்வை செய்பவர் முகமையின் பாடத்தைப் படித்துத் தேர்வில் தேற வேண்டும், அல்லது அதற்கு ஈடான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. முகமையின் பாடத்துக்குக் கட்டணமில்லை. அதோடு, தடுப்புகளை நிறுவுவோர், பராமரிப்போர், பழுது பார்ப்போர் ஆகியோருக்கும் தங்கள் கடமை என்னவென்று வேலை தொடங்குமுன்பே விளங்கியிருக்க வேண்டும் என்றும் அதே உரிமம் சொல்கிறது.

சொல்கிறது, ஆனால் எப்படி விளங்கவைப்பது, எத்தனை மணி நேரம், எந்த மொழியில் என்பதைக் கண்டிராக்டரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. மேற்பார்வையாளருக்குத் தேர்வு, வேலையாளுக்கு "விளங்கினால் சரி". அமெரிக்கக் கட்டடத் தொழிலாளரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர். அவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழியே வீட்டு மொழி. ஆங்கிலத் திட்டம் அலுவலகக் கொட்டகையில் தடித்த கோப்பாகத் தொங்குகிறது. துணிவேலியை நடுகிறவன் அதைத் தொட்டதுமில்லை. துணியின் அடியை மண்ணுக்குள் பள்ளம் பறித்துப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அடியில் நுழைந்து போய்விடும். இதை நடுகிறவனுக்கு யாரும் சொல்லாமல் விட்டால், வேலி நிற்கும்; படத்திலும் நிற்கும்; சேறு மட்டும் நில்லாது.

மழை முடிந்ததும் என்ன நடக்கும்? "கூலிக்காரன் அலட்சியம்" என்பார்கள். கற்பிக்காதவன் குற்றம் கல்லாதவன் தலையில் விழும். இந்தக் கதை எந்த நாட்டுத் தொழிலாளிக்குத்தான் புதியது?

எண் போனது, எழுத்து நின்றது

"இவ்வளவு விதி எதற்கு? கலங்கல் இத்தனை அளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் போதாதா?" என்று கேட்கத் தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். 2009 டிசம்பரில் முகமை, பெரிய மனைகளிலிருந்து வெளியேறும் நீரின் கலங்கல் நாளொன்றின் சராசரியில் 280 அலகுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியது. வீடு கட்டும் முதலாளிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. முகமையின் கணக்கிலும் ஓட்டை இருந்தது. அதை முகமையே ஒப்புக்கொண்டது. ஓட்டையை அடைத்து, திருத்திய எண்ணோடு திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. வரம்பு நிறுத்தி வைக்கப்பட்டு, 2014ல் அடியோடு விலக்கப்பட்டது.

ஆக, நாடு முழுமைக்குமான எண் 2014ல் போயிற்று. 2025ல் "முடிவு கெடக்கூடாது" என்ற பொது வாசகமும் கோர்ட்டில் விழுந்தது. அந்தத் தீர்ப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல், கெட்டால் நீ பொறுப்பு என்று மட்டும் சொல்வது எவருக்கும் இடர்தான். ஆனால் அந்த நியாயத்தை முழுமையாகக் கடைப்பிடிக்கட்டும்! வழியைச் சொல்வதே முறை என்றால், வழியைத் தெளிவாகச் சொல்ல முகமைக்கு ஆள் வேண்டும். சொன்னதைச் செய்யக் கற்ற தொழிலாளர் வேண்டும். செய்தார்களா என்று பார்க்கக் கண்கள் வேண்டும். முடிவையும் கேட்காதே, வழியையும் கவனிக்காதே என்றால் அது தீர்ப்புமல்ல, நிர்வாகமுமல்ல. வாசலைத் திறந்து வைப்பது.

அபராதம் கற்பித்த பாடம்

விதியை மீறுவோர் சின்னஞ்சிறு மேஸ்திரிகள்தான் என்று எண்ணிவிட வேண்டாம். 2004ல் வால்மார்ட் நிறுவனம், 9 மாநிலங்களில் 24 மனைகளில் மழைநீர் விதிகளை மீறியதாக எழுந்த குற்றச்சாட்டில் 31 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. 2008ல் சென்டெக்ஸ், கே.பி. ஹோம், பல்ட்டி, எம்.டி.சி. என்ற நான்கு வீடுகட்டும் பெருநிறுவனங்கள் சேர்ந்து 43 லட்சம் டாலர் கட்ட இணங்கின. அவற்றின் மனைகள் 34 மாநிலங்களில் பரவியிருந்தன. ஒவ்வொரு மனைக்கும் தனித் திட்டம் எழுதுவதும், அதிகப்படி மேற்பார்வையும், ஆட்களுக்குப் பயிற்சியும் அந்தச் சமரசத்தின் நிபந்தனைகள்.

கவனியுங்கள்: வழக்கின் முடிவில் அரசு கேட்டது பணம் மட்டுமல்ல, பயிற்சியும்தான். ஒரு மனைக்கு எழுதியதைப் பெயர் மாற்றி மறு மனைக்கு ஒட்டாதே, அந்தந்த நிலத்தைப் பார்த்து எழுது, எழுதியதை ஆட்களுக்குக் கற்றுக்கொடு என்பதே அதன் பொருள். வழக்குக்கும் அபராதத்துக்கும் முன்பே செய்திருக்க வேண்டியது அது.

இன்று அபராதத்தின் உச்சவரம்பு, மீறல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 68,000 டாலருக்கும் மேல். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடிக்க ஆளில்லாத இடத்தில் பெரிய அபராதமும் சுவரில் தொங்கும் வாள்தான்.

தொழிலாளி கையில் ஒரு விதி

தூய நீர்ச் சட்டத்தின் 507ஆம் பிரிவை ஒவ்வொரு தொழிற்சங்க ஊழியனும் அறிந்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் மீறப்படுகிறது என்று புகார் செய்த தொழிலாளியையும், சாட்சி சொன்ன தொழிலாளியையும் வேலையை விட்டு நீக்கக்கூடாது, வேறு வகையில் வஞ்சிக்கவும் கூடாது என்கிறது அது. மீறி நீக்கினால் 30 நாட்களுக்குள் தொழில் இலாகாவிடம் முறையிட வேண்டும். 505ஆம் பிரிவோ, பொதுமக்களில் எவரும் மீறியவர்மேல் வழக்குத் தொடரலாம் என்கிறது.

முப்பதே நாள்! விதி இருப்பதையே அறியாதவனுக்கு முப்பது நாள் முப்பது நொடியாகப் போய்விடும். ஊரில் புதிதாக வந்து, வேலையை இழந்தால் கூரையையும் இழக்கும் நிலையிலுள்ளவன் எங்கே போய் முறையிடுவான்? ஆகவே துணிவேலி நடுவதை மட்டும் சொல்லித் தரும் பயிற்சி அரைப் பயிற்சி. வேலி சரிந்ததைச் சொன்னால் உன்னை யாரும் நீக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுப் பயிற்சி.

"இதெல்லாம் செலவு, வீட்டு விலை ஏறும், ஏழைக்கு வீடு கிடைக்காது" என்று கட்டட முதலாளிகள் வாதிடுகிறார்கள். ஏழையின் பெயர் இந்த ஒரு சமயத்தில்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. செலவு உண்டு, மறுக்கவில்லை. செய்யாவிட்டாலும் செலவு உண்டு. அது வேறொருவர் கணக்கில் ஏறும் என்பதுதான் வேறுபாடு. தாழ்ந்த இடத்தில் குடியிருப்பவன், அடைபட்ட வடிகாலின் ஓரத்தில் குடியிருப்பவன், அவன்தான் அந்த ஏழை.

ஆகவே நாம் கூறுவது இவ்வளவுதான். திட்டம் எழுதுபவருக்குப் பயிற்சி வேண்டும், அது போதாது. மண்வெட்டி பிடிப்பவனுக்கும் பயிற்சி வேண்டும், அவன் மொழியில், கூலியோடு கூடிய வேலை நேரத்தில். பயிற்சி பெற்றவன், "கருமேகம் திரண்டிருக்கிறது, இன்று இந்தச் சரிவைக் கிளறாதே" என்று சொன்னால் வேலை நிற்க வேண்டும். அவன் கூலி நிற்கக்கூடாது. மேற்பார்வைக்குப் போதிய ஆட்கள் வேண்டும். எழுதப்பட்ட திட்டத்தை எவரும் கேட்டுப் பார்க்கும் உரிமை வேண்டும்.

கோர்ட்டு தீர்ப்பு மாற்றலாம். முகமை ஆளைக் குறைக்கலாம். கண்டிராக்டர் கோப்பை அழகாகக் கட்டி வைக்கலாம். மழை கோப்பைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அது சரிவைப் பார்க்கிறது. வேலியின் அடியைப் பார்க்கிறது. அங்கே பள்ளம் பறித்தவன் சரியாகப் பறித்தானா என்று பார்க்கிறது. மழை நடத்தும் அந்தத் தேர்வில் தேற வேண்டுமானால், பாடம் அந்தக் கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.